வீணை முதலில், பறை அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர், குடியிருப்புகளில் மாதந்தோறும் நடக்கிற இலவச இசை நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதியிருந்தார். கர்நாடக சங்கீதம், கிட்டார், பறை, சேர்ந்திசை, ராப் என்று எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றினால் எதையும் உருப்படியாகக் கேட்க முடிவதில்லை, கடைசியில் தலைவலிதான் மிச்சம், அவரவர் இசையை அவரவர் இடத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. தலைவலி உண்மைதான், எனக்கே வந்திருக்கிறது. ஆனால் அவர் பழியைத் தூக்கிப் போட்ட இடம்தான் சரியில்லை.

நான் பாடகனும் இல்லை, வாத்தியக்காரனும் இல்லை. எங்கள் பகுதியில் மூன்று வருடமாக நடக்கிற இப்படி ஒரு தொடரில் வயர் இழுப்பது, நாற்காலி போடுவது, மைக் ஸ்டாண்டு நகர்த்துவது எல்லாம் என் வேலை. அதனால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவருக்குத் தெரியாத சில விஷயங்கள் எனக்குத் தெரியும். அதில் முக்கியமானது: மாலை கெட்டுப்போவதற்குக் காரணம் பலவகை இசை சேர்வது கிடையாது. பலவகை இசையையும் ஒரே சத்தத்தில் போடுவதுதான் காரணம்.

முதலில் கலப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா? அது வெளியிலிருந்து வந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய இசைக்காரரிடம் கற்று அதை நம் இசைக்குள் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்ததை நாம் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கால்மேல் சாய்த்து, தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிக் கட்டி வாசிக்கிறோம். ஹார்மோனியத்தின் கதை நேர்மாறு. கமகம், அதாவது ஸ்வரங்களை அசைத்து வழுக்கிச் செல்வது, அதில் பேசாது என்ற குறையைச் சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதை வெளியே நிறுத்தியது, 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. முப்பது வருடம் வானொலியில் இல்லாமல் போனதால் ஹார்மோனியம் செத்துவிடவில்லை, நாடகத்திலும் பஜனையிலும் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையும் யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினையும் கையில் எடுத்தபோதும் இதே முணுமுணுப்பு இருந்திருக்கும். அவரவர் இடத்தில் என்று அந்த வாசகர் சொல்கிறாரே, எது யாருடைய இடம் என்று யார் கோடு போடுவது?

அது கிடக்கட்டும், எனக்கு உறைத்த நாளைச் சொல்கிறேன்.

இரண்டாவது வருடத் தொடக்கம். அன்றைக்கு முதலில் ஒரு பறைக்குழு, பத்துப் பேர், அருமையாக அடித்தார்கள். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. அடுத்து வீணை. அறுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு, வந்து உட்கார்ந்து சுருதி சேர்த்தார், முன்வரிசைக்கே கேட்கவில்லை. 'சத்தம் வை, சத்தம் வை' என்று பின்னாலிருந்து குரல். சவுண்ட்காரர் வீணை மைக்கின் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டனை, தூக்கினார். ஸ்பீக்கரில் வந்த சத்தம் திரும்பவும் மைக்குக்குள் போய், மறுபடி ஸ்பீக்கரில் வந்து, கீ... என்று காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஃபீட்பேக். இறக்கினால் கேட்கவில்லை, ஏற்றினால் கீச்சிடுகிறது. அந்த அம்மா பத்து நிமிடம் பொறுத்தார். ஒரு சின்னக் கீர்த்தனையை முடித்துக்கொண்டு, 'பரவாயில்லை தம்பி, இன்னொரு நாள் பார்க்கலாம்' என்று வீணையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அன்று பலர் சொன்னது, பறையையும் வீணையையும் ஒரே நாளில் போட்டது தப்பு என்று. நானும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் கொஞ்சம் படித்தும், நாலு சவுண்ட்காரர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டது வேறு. பலத்த சத்தத்தை அரை மணி நேரம் கேட்ட காது கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகிவிடுகிறது, பளீர் வெயிலிலிருந்து அறைக்குள் வந்தால் எதுவும் தெரியாதே, அதுபோல. அந்த மந்தத்தில் எந்த வீணையும் கேட்காது. வீணை இயல்பிலேயே அடக்கமான வாத்தியம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கென்றே ஆனது. நாதசுரமும் தவிலும் பறையும் திறந்தவெளிக்கு என்றே வந்தவை, மைக்கே வேண்டாம், தெருமுனைக்குக் கேட்கும். இந்த இரண்டு வகைக்கும் மிக்சரில், எல்லா மைக்கின் சத்தத்தையும் சேர்த்துச் சரிசெய்கிற அந்தப் பெட்டியில், ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? அடக்கமானது முதலில், ஓங்கியது கடைசியில். இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடமும் ஒரு நல்ல கலைஞரின் மாலைப்பொழுதும் செலவாயின என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று, ஸ்பீக்கர் வைக்கிற இடம். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, அதிலேயே கடைசி வரிசைவரை தள்ளிவிடலாம் என்று நினைப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், டெசிபல் என்பது சத்தத்தை அளக்கிற அலகு. ஸ்பீக்கரிலிருந்து 4 மீட்டரில் இருப்பவர் 98 டெசிபல் கேட்டால் 8 மீட்டரில் 92, 16இல் 86, 32 மீட்டரில் 80. பின்னால் இருப்பவருக்குப் பத்தவில்லை என்று ஏற்றுகிற ஒவ்வொரு படியும் முன்னால் உட்கார்ந்திருக்கிற தாத்தா பாட்டி தலையில்தான் விழுகிறது. அவர்கள்தான் சீக்கிரம் வந்து முன்வரிசையைப் பிடிப்பவர்கள். குழந்தைகள் அதற்கும் முன்னால், தரையில்.

இப்போது நாங்கள் மேடைப் பக்கம் சிறிய ஸ்பீக்கர், நடுவில் இன்னொரு ஜோடி என்று பிரித்துவிட்டோம். ஆனால் நடுவில் சும்மா கொண்டுபோய் வைத்துவிட முடியாது. ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகிறது, வயரில் போகிற மின்சாரமோ கண்ணிமைக்கிற நேரம்கூட எடுப்பதில்லை. மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரில் பாட்டு முதலில் வந்துவிடும், மேடைச் சத்தம் 50 மில்லி செகண்ட் கழித்து வந்து எதிரொலி மாதிரி இடிக்கும். மிருதங்கத்தில் ஒரு சொல் இரண்டாகக் கேட்கும். நடு ஸ்பீக்கரை அந்த 50 மில்லி செகண்ட் தாமதமாக வை என்று மிக்சரில் ஒரு எண்ணைத் தட்டினால் சரியாகிவிடுகிறது. இதைச் செய்யத் தெரியாத சவுண்ட்காரர்கள் குறைவு, செய்யச் சொல்லிக் கேட்கிற ஏற்பாட்டாளர்கள்தான் குறைவு. அவர்களுக்கு வேண்டியது 'அதிரணும்'. அதிர்ந்தால்தான் நிகழ்ச்சி நன்றாக நடந்ததாக ஒரு நம்பிக்கை.

எவ்வளவு சத்தம் வரை சரி என்று கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கென்றே ஒரு வழிகாட்டு அளவை வெளியிட்டது. எந்த 15 நிமிடத்தை எடுத்துக்கொண்டாலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, சத்தத்தை நேரடியாக அளந்துகொண்டே இருக்க வேண்டும், காது ஓய்வெடுக்க ஓர் அமைதியான இடம் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 100 என்பது உச்சவரம்பு, எட்ட வேண்டிய இலக்காக அதை நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. தொழிற்சாலை வேலைக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கிற கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம், 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, இப்படியே போனால் 100க்குக் கால் மணிதான் மிஞ்சும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். போனில் வருகிற டெசிபல் செயலிகள் மிகத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலாம். நான் கடைசி வரிசைக்கும் முதல் வரிசைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சுருதி என்று ஒன்று இருக்கிறது, அதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆண் பாடகர் ஒரு கட்டையில் பாடுவார், அடுத்து வருகிற பெண் பாடகி ஐந்து கட்டையில் பாடுவார், கட்டை கூடினால் சுருதி உயரம் என்று அர்த்தம். மிருதங்கமே மாற வேண்டும். கிட்டார்க்காரர்களும் கீபோர்டுக்காரர்களும் 440 ஹெர்ட்ஸ் என்கிற மாறாத ஒரு சுருதியை வைத்துச் சேர்ப்பவர்கள். புல்லாங்குழல் மாலை வெக்கையில் கொஞ்சம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். இத்தனை பேருக்கும் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி விட்டு, அந்த ஐந்து நிமிடத்திலும் தொகுப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் மேடையில் இருப்பவர் எப்படிச் சுருதி சேர்ப்பார்? எங்கள் தொடரில் இப்போது பத்து நிமிடம் மௌனம் என்று வைத்திருக்கிறோம். பேச்சு கிடையாது, ரெக்கார்டு பாட்டும் கிடையாது. முதலில் கூட்டம் நெளிந்தது. இப்போது அந்தப் பத்து நிமிடத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்கள், பையன்கள் மேடைப் பக்கம் வந்து இது என்ன, தோலா, எந்த மரம் என்று கேட்கிறார்கள். தவில்காரர் ஒருவர் விரலில் மாட்டுகிற கூடுகளைக் கழற்றி ஒரு சிறுமியின் விரலில் மாட்டிக் காட்டினார். அந்தச் சிறுமி அடுத்த மூன்று மாதமும் விடாமல் வந்தாள். நிகழ்ச்சி நிரலில் அச்சடித்த எதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது.

பலவகை இசையைப் பொதுமக்களுக்குப் பொதுவெளியில் கொடுப்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1895இல் லண்டனில் ஹென்றி வுட் நடத்த ஆரம்பித்த ப்ராம்ஸ் கச்சேரிகளில், மலிவான சீட்டு வாங்கி நின்றுகொண்டே கேட்கலாம். சுலபமான பாட்டில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கனமான இசைக்குக் கூட்டத்தைப் பழக்குவது அவர்கள் திட்டம். இதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. ஒரு இசை கீழ்ப்படி, இன்னொன்று மேல்படி என்கிற ஏணி எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட பிரான்சில் 1982 ஜூன் 21 அன்று தொடங்கிய இசைத் திருவிழா என் மனசுக்கு நெருக்கம். கலாசார அமைச்சராக இருந்த ஜாக் லாங் காலத்தில் வந்தது. கற்றுக்குட்டியும் தேர்ந்தவரும் ஒரே நாளில் தெருவுக்கு வந்து இலவசமாக வாசிக்கலாம், எந்த வகை இசையானாலும் சரி என்றார்கள். இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். பழக்கப்படுத்துகிற வேலையெல்லாம் வேண்டாம், கேட்கிற மாதிரி கொடுத்தால் போதும், காது தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

ஆனால் இலவசம் என்பது கேட்கிறவருக்கு மட்டும்தான் இருக்க வேண்டும். 'உங்களுக்கு ஒரு மேடை கிடைக்கிறதே' என்று சொல்லி வாசிக்கிறவரையும் இலவசமாக அழைக்கிற வழக்கம் பெருகிவிட்டது. ஆசைக்காக வாசிக்கிற மாணவர்கள் வேறு, அதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்கள் வேறு. பறைக்குழுவுக்கும் நாதசுரக் குழுவுக்கும் போக்குவரத்துச் செலவோடு நிறுத்திக்கொண்டு, கீபோர்டு குழுவுக்கு மட்டும் பேசிய தொகையைக் கொடுக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். பலவகை இசை என்று சுவரொட்டியில் போட்டுவிட்டுக் கவரில் பாகுபாடு காட்டினால் அந்த சுவரொட்டியைக் கிழித்துவிடலாம்.

கடைசியாக, அக்கம்பக்கம். எல்லாரும் ரசிகர்கள் இல்லை. இரவு வேலைக்குப் போகிறவர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, படுக்கையில் இருக்கிற முதியவர் எல்லாரும் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். முடிவு நேரம் என்று ஒன்றைச் சொன்னால் அந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும், 'இன்னும் ஒரே ஒரு பாட்டு' என்கிற பேச்சே கூடாது. பறை கடைசியில் வருவதால் நிறுத்துவது கஷ்டம்தான், அந்த நேரம்தான் கூட்டம் சூடுபிடித்திருக்கும். நான் போய் மேடையோரத்தில் நின்றுகொண்டு கையைத் தூக்குவேன். இதுவரை இரண்டு தடவை திட்டு வாங்கியிருக்கிறேன்.

தலைவலி வந்த அந்த வாசகரை ஒரு தடவை எங்கள் பக்கம் அழைக்க ஆசை. முன்வரிசை வேண்டாம், மிக்சர் பக்கத்தில் நாற்காலி போடுகிறேன், சத்தம் அதிகமானால் அவரே சொல்லட்டும். அடுத்த மாதம் அந்த வீணை அம்மா மறுபடியும் வருகிறார். நானே போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'எத்தனாவது?' என்று மட்டும் கேட்டார். முதலாவது என்றேன். வீணைக்கு மைக்குக்குப் பதிலாக வாத்தியத்திலேயே ஒட்டி அதன் அதிர்வை எடுக்கிற பிக்கப் வைக்கிறோம், முன்னால் ஐம்பது நாற்காலி மட்டும் நெருக்கமாகப் போடுகிறோம். பறைக்குழு அதே குழுதான். வீணை முடிகிறவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம்தான் தோலைக் காய்ச்சப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வயர் இழுக்கிற ஒரு வாசகர்