எங்களில் மூத்தவருக்கு 27 வயது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கான ஆலோசனைக் கூட்டம் பற்றிய செய்தியைப் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். படத்தின் கீழே "கூட்டத்தில் கலந்துகொண்ட சிறப்புக் குழந்தைகள்" என்று இருந்தது. இடது ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவள் நான். எனக்கு 24 வயது. பக்கத்தில் வெள்ளைக் கோலுடன் நிற்பவருக்கு 27. வேலைக்குப் போகிறார், வரி கட்டுகிறார். எங்களில் இளையவளே போன தேர்தலில் வாக்களித்தவள்.

உங்கள் செய்தியாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. கூட்டத்திலும் எங்களை அப்படித்தான் நடத்தினார்கள். எனக்கு மூளை முடக்குவாதம். பேச்சு மெதுவாகத்தான் வரும். மூன்று நிமிடம் பேசலாம் என்றார்கள். என் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பதற்கே முக்கால் நிமிடம் போய்விடும். இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் கூட்டத் தலைவர் குனிந்து, என் பின்னால் இருந்த அம்மாவிடம், "பாப்பா என்ன சொல்கிறது?" என்று கேட்டார். "அவளையே கேளுங்கள்" என்றார் அம்மா. (இந்தப் பதிலுக்கு அம்மாவைப் பழக்க எனக்குப் பத்து வருடம் ஆனது.) தலைவர் சிரித்தார், சபை கைதட்டியது, ஒலிவாங்கி அடுத்தவரிடம் போய்விட்டது. பாதிப் பேச்சில் கைதட்டினால் போதும் என்று பொருள். அதைப் பள்ளி ஆண்டு விழாக்களிலேயே கற்றுக்கொண்டேன்.

சொல்ல வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். இரண்டு ஆண்டுகளாக, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் பொதுக் கட்டடங்களுக்குப் போய் அளவெடுக்கிறோம். கையில் இருப்பது ஒரு டேப், ஒரு நோட்டு. டேப்பின் முனையைப் பிடிப்பவர் அறிவுசார் குறைபாடு உள்ள 22 வயது நண்பர். எண்ணை இரண்டு முறை உரக்கச் சொன்னால்தான் கையை எடுப்பார். அவசரப்படுத்தினால் முதலிலிருந்து அளக்க வேண்டும் என்பார். அதனால் எங்கள் கணக்கில் பிழை வந்ததில்லை. சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு. வாசல் 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீள வேண்டும். ஓர் அலுவலகத்தில் அதே உயரத்துக்கு 2.4 மீட்டரில் முடித்திருந்தார்கள். அதில் என்னை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இறக்கும்போது முன்னால் ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் கோப்பில் "சாய்தளம் உண்டு" என்று இருக்கும். அது பொய்யும் இல்லை.

கழிப்பறைகளைப் பற்றி எழுதினால் உங்கள் பக்கம் போதாது. ஒன்று மட்டும்: கதவில் சக்கர நாற்காலிப் படம் அழகாக ஒட்டியிருக்கிறது. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே துடைப்பமும் வாளியும். அவற்றை ஒதுக்கிவிட்டு நுழைந்தாலும் நாற்காலி இடிப்பதால் கதவைச் சாத்த முடியாது.

எங்கள் 19 வயதுத் தோழிக்குக் காது கேட்காது. டோக்கன் எண்ணை வாயால் மட்டும் கூப்பிடும் இடங்களில், யார் எழுந்திருக்கிறார்கள் என்று சுற்றியிருப்பவர்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைய கூட்டத்திலும் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லை. நான் கைப்பேசியில் தட்டச்சு செய்து காட்டினேன். எனக்கு விரலும் மெதுவாகத்தான் ஓடும். அவளுக்குக் கிடைத்தது கால் கூட்டம்.

அளவுகளையெல்லாம் பிரெயிலில் குத்திக் குறிப்பவர் அந்த 27 வயது நண்பர். அவர் விரலுக்கு அடியில் இருக்கும் ஆறு புள்ளி முறையை லூயி பிரெயில் 1824-இல் உருவாக்கியபோது அவருக்கு வயது 15. பார்வையுள்ளவர்கள் யோசித்துக் கொடுத்த புடைப்பெழுத்துகளைத் தடவித் தடவிப் படித்து அலுத்துப்போன மாணவர். அவருடைய பள்ளி அந்த முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-இல்; அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

நீங்கள் எழுதியபடி நாங்கள் குழந்தைகளாகவே இருந்தாலும் எங்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு, எங்களைத் தொடும் சட்டமும் கொள்கையும் வகுக்கும்போது எங்கள் அமைப்புகளோடு நெருங்கிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. "குழந்தைகள் உட்பட" என்ற சொற்களும் அதே வரியில் இருக்கின்றன. 1990 மார்ச்சில் வாஷிங்டனில், நாடாளுமன்றப் படிக்கட்டில் சக்கர நாற்காலியை விட்டுவிட்டுக் கையூன்றித் தவழ்ந்து ஏறியவர்களில் ஒருத்திக்கு எட்டு வயதுதான். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தானது.

எங்களைக் கூப்பிடுவதும் எப்போதும் சிமெண்ட் காய்ந்த பிறகுதான். வரைபடம் பென்சிலில் இருக்கும்போது கூப்பிட்டால் அழிப்பதற்கு ரப்பர் போதும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, பேசப்போவது என்ன என்று எளிய மொழியில் எழுதி அனுப்புங்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். எனக்கு மூன்று நிமிடத்துக்குப் பதில் ஒன்பது நிமிடம் கொடுங்கள். மற்றவர்கள் சொல்லும் அளவைத்தான் நானும் சொல்லப்போகிறேன்.

நடக்காத காரியமும் இல்லை. ஒரு நூலகத்தில் எங்கள் நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்த நூலகர், அடுத்த வாரமே தச்சரை வரவழைத்துக் கழிப்பறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டிவிட்டார். அரை நாள் வேலை. துடைப்பத்துக்கும் வேறு இடம் கிடைத்தது.

படத்துக்குத் திருத்தம் போடுவதாக இருந்தால், இடமிருந்து வலமாக எங்கள் வயது: 24, 27, 19, 22.

இப்படிக்கு,
படத்தில் இடது ஓரத்தில் இருக்கும் வாசகி