கிழக்கில் இல்லையாம்!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் இலங்கையின் பெருங்கற்காலப் புதைகுழிகள், அதாவது பலகைக்கல்லாலும் தாழியாலும் இறந்தவர்களை அடக்கிய பழைய இடங்கள், பற்றிய கட்டுரை படித்தேன். தம்புள்ளைக்குப் பக்கத்து இப்பன்கட்டுவவுக்கு அரைப் பக்கம், புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்புத் தாழிகளுக்கு இரண்டு பந்தி, யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டைக்கு ஒரு படம். சந்தோஷம். கடைசியில், "கிழக்கில் இத்தகைய ஈமச்சின்னங்கள் இல்லை" என்று ஒரே வசனத்தில் எங்கள் கதையை முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

திருகோணமலையிலிருந்து தெற்கே போய் வெருகல் ஆற்றைத் தாண்டினால் கதிரவெளி. அங்குள்ள பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதி எத்தனையோ காலம். தங்களுக்குத் தெரியாததா? அச்சுக்குப் போகுமுன் ஒருவர் கண்ணிலுமா படவில்லை?

அந்த வழியில் உள்ள கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முந்திய காலத்தில், துறைக்குத் துறை பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்து பள்ளிப் பிள்ளைகளைக் கதிரவெளிக்குக் கூட்டிப்போனவள் நான். பற்றைக்குள் சரிந்து கிடந்த பலகைக்கல்லில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். கல்லின் விளிம்பு கயிறு உரசி வழுவழுத்திருந்தது. பழைய சின்னங்களைக் காக்கும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் ஆட்டுக்காரருக்குத் தெரியவா போகிறது? ஒரு அறிவித்தல் பலகைகூட அங்கு இருக்கவில்லை. இப்பன்கட்டுவவிலும் நின்று பார்த்திருக்கிறேன். நாலு பக்கமும் பலகைக்கல் நட்டு, மேலே மூடுகல் வைத்து, உள்ளே தாழியும் சாம்பலும் வைத்த குழிகள். அதைப் பாதுகாக்கிறார்கள், பாதுகாக்கத்தான் வேண்டும். நான் அதற்கு எரிச்சல்படவில்லை.

2020இல் கிழக்கின் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைத்தார்களே, முதலில் அறிவித்த பட்டியலில் தமிழர் ஒருவருமில்லை, முஸ்லிம் ஒருவருமில்லை. ஆனாலும் இங்கே தொல்பொருள் உண்டென்றாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கட்டுரையாளருக்கு அதுவும் தெரியவில்லை!

திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை மட்டும் விடுவானேன். தாயாரின் கிரியைக்காக இராவணன் நிலத்தில் குத்தி உண்டாக்கிய ஏழு கிணறு என்று சொல்லி, தலைமுறை தலைமுறையாக முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் போகிற இடம். என் அம்மாவின் காரியத்துக்குப் போனபோது, கையில் தர்ப்பையோடு நின்ற தம்பியிடம் வாசலில் டிக்கட் கேட்டார்கள். இராவணனிடம் டிக்கட் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பழைய இடமென்றால் எங்களுக்கு ஒன்றில் டிக்கட், இல்லையென்றால் "இல்லை" என்ற வசனம்.

அந்த வசனத்துக்குத் திருத்தம் ஒன்று போடுங்கள், ஐயா. இரண்டு வரி போதும். பிழையை முன்பக்கத்தில் விட்டுவிட்டுத் திருத்தத்தை மரண அறிவித்தலுக்குக் கீழே ஒளிக்கிற வழக்கம் உங்கள் பத்திரிகைக்கு உண்டு. இந்த முறை அப்படி வேண்டாம்.

இங்ஙனம்,
இளைப்பாறிய வரலாற்று ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.