யாழினி எந்த குரூப் எடுக்கட்டும்? அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

யாழினி பத்தாவதில் 463 எடுத்த நாளிலிருந்து உங்கள் வீட்டில் குரூப் பேச்சுதான் என்று அம்மா சொன்னார். "இவ்வளவு மார்க் வாங்கிட்டு யாராவது காமர்ஸ் போவாங்களா?" என்று பள்ளியிலேயே கேட்டார்களாமே. சென்னையில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே கேள்விதான் ஓடுகிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பயோ மேத்ஸ் எடுத்தால் டாக்டர், இன்ஜினியர் இரண்டுக்கும் வழி இருக்கும் என்கிறாய். சரி, இருக்கும். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பார். இன்ஜினியரிங் கட் ஆஃப் 200. அதில் கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஆளுக்கு 50. பயாலஜி மார்க்கை யாரும் கேட்பதே இல்லை. நீட் தேர்வின் 720 மார்க்கில் பாதி, அதாவது 360, பயாலஜிக்கு. அங்கே கணக்குப் பாடத்துக்கு ஒரு கேள்விகூட இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரு முழுப் பாடத்தை இரண்டு வருஷம் சும்மா சுமக்க வேண்டும். இரண்டின் மேலும் ஆசை இருக்கிற பிள்ளை தாராளமாகச் சுமக்கட்டும். இவளுக்கு இரண்டிலுமே ஆசை இல்லையே.

அவள் ஆசை எதில் என்று நான் கண்ணால் பார்த்தேன். போன தீபாவளிக்கு அம்மாவின் ஏலச் சீட்டு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பாட்டி, மூணாவது மாசமே ஏலத்துல தள்ளி எடுத்தியே, தள்ளுபடி போகக் கைக்கு எவ்வளவு வந்துச்சு? மொத்தமா எவ்வளவு கட்டின?" கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, மாசா மாசம் கட்டிய தொகையை வரிசையாக எழுதினாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. "நகையை பேங்க்ல அடகு வெச்சிருந்தா வட்டி இதைவிடக் குறைச்சல் பாட்டி" என்று கடைசியில் சொன்னாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அக்கா.

காமர்ஸ் எடுத்தால் மருத்துவமும் பொறியியலும் அநேகமாகக் கைவிட்டுப் போகும். அதை அவளிடம் மறைக்கவே கூடாது. ஆனால் ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுத எந்த குரூப்பானாலும் சரி. ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கும் அப்படித்தான். ஐஐடி மெட்ராஸ் 2020இல் அறிவித்த டேட்டா சயின்ஸ் படிப்பின் தகுதித் தேர்வை எழுதப் பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் எந்த குரூப் என்று கேட்பதில்லை. "இதெல்லாம் பயோ மேத்ஸ் படிச்சாலும் கிடைக்குமே" என்பாய். கிடைக்கும்தான். ஆனால் இங்கே அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சீட் கொடுக்கிறார்கள். மனசு ஒட்டாத பாடங்களைப் படித்து அந்த மார்க்கை எடுக்க முடியுமா?

காமர்ஸ் என்றால் மார்க் குறைந்த பிள்ளைகள் போகிற இடம் என்று நாம் பேசிப் பேசியே வைத்துவிட்டோம். அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒரு பதினைந்து வயதுப் பெண் தனக்குப் பிடித்ததை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறாள். எனக்குத் தாங்கவில்லை.

கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகம் இருக்கிற பழைய டிபிஐ வளாகத்தில் (இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்) பாடநூல் கழகப் புத்தகங்கள் கிடைக்கும். பதினொன்றாம் வகுப்பு பிசிக்ஸ், பயாலஜி, கணக்குப்பதிவியல் மூன்றையும் வாங்கி வருகிறேன். ஒவ்வொன்றிலும் முதல் பாடத்தை அவளாகவே படிக்கட்டும். ஒரு வாரம் கழித்து நீயும் மாமாவும் உட்கார்ந்து, உங்கள் விருப்பம் எதையும் சொல்லாமல், அவளிடம் கேளுங்கள். அட்மிஷன் ஃபாரத்தில் அப்புறம் கையெழுத்துப் போடலாம்.

அன்புடன்,
உன் தம்பி