நிவாரணம் பட்டாவுக்கா, பயிர் வைத்தவருக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் பயிர்ச் சேத நிவாரணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதை உங்கள் நாளிதழ் விசாரித்து எழுத வேண்டும். எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம், இருப்பது மேற்கு மாம்பலத்தில். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் சென்னைக்கு வந்துவிட்டோம், ஆனால் ஊரில் நிலம் இருக்கிறது, அதை விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்கோ குத்தகைக்கோ விட்டிருக்கிறோம். மழை பொய்த்துப் பயிர் கருகினாலும் சரி, தை மாதம் அறுக்கிற நேரத்தில் மழை கொட்டி நெல்லும் மிளகாயும் அழுகினாலும் சரி, நிவாரணம் பெரும்பாலும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் ஏறுகிறது. புழுதியில் விதைத்து, வட்டிக்கு வாங்கி உரம் போட்டு, கண்மாய்க்குத் தண்ணீர் வருமா என்று பார்த்துக் கிடந்தவருக்கு நிலக்காரர் மனது வைத்தால்தான் உண்டு.

தொகையும் பெரிது இல்லை. 2022-இல் மத்திய அரசு வகுத்த பேரிடர் நிதி விதிப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய், அதுவும் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுப்பில் எழுதினால்தான். மானாவாரிக்கு ஏக்கருக்கு மூவாயிரத்து நானூறு சொச்சம் வரும், உழவுக்கும் விதைக்குமே காணாது. அதுவும் வேறு ஒருவர் கணக்கில் ஏறினால் அடுத்த விதைப்புக்குப் பயிர் வைத்தவர் எங்கே போவார்?

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிந்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நிலக்காரருக்குப் பயம், கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று உழுபவருக்குப் பயம், அதனால் எல்லாமே வாய்ப்பேச்சோடு நிற்கிறது. நிவாரணத்துக்காக மட்டும், நில உரிமையைத் தொடாமல், அந்தப் பருவத்தில் பயிர் வைத்தவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் எழுதினால் இந்தப் பயம் பாதி போய்விடும்.

அப்புறம், நிவாரணம் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை ஏன் வெளியிடுவதில்லை? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இம்பீரியல் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) என்று ஒரு பாலைவனப் பகுதி, வருஷத்துக்கு 3 அங்குலம் அளவுக்குத்தான் மழை, கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி விவசாயம் செய்கிறார்கள். அங்கே எந்தப் பண்ணை அரசிடம் எவ்வளவு பேரிடர் உதவியும் மானியமும் வாங்கியது என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற தன்னார்வ அமைப்பு அரசிடம் தகவல் கேட்டு வாங்கி, 1995 முதலான கணக்கை நாடு முழுவதற்கும் கவுண்டி வாரியாகப் போட்டிருக்கிறது. நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மானியத் திட்டங்களில் யாருக்கு எவ்வளவு என்ற விவரத்தை யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டும் என்கிறது.

ஆகவே நிவாரணப் பட்டியலைப் பணம் போடுவதற்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, கிராம சபையில் வாசிக்க வேண்டும். பட்டாதாரர், பயிர் வைத்தவர், சர்வே எண், பரப்பு, தொகை, இவ்வளவு இருந்தால் போதும். யார் எந்த வயலில் விதைத்தார் என்பது ஊருக்கே தெரியும், பெயர் தவறாக இருந்தால் அங்கேயே எழுந்து சொல்வார்கள். வருகிற புரட்டாசி விதைப்புக்குள் மாவட்ட நிர்வாகம் இதற்கு உத்தரவு போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை