காற்றுக்குழாய்த் துப்புரவு: டோர்ச் அடித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர் தொடங்கி வீடுகளில் பேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) ஓட ஆரம்பித்ததும், வெப்பக் காற்றுக் குழாய்களைத் துப்புரவு செய்து தருகிறோம் என்ற தொலைபேசி அழைப்புகள் ரொறன்ரோத் தமிழ் வீடுகளுக்கு வரத் தொடங்கிவிடுகின்றன. அழைப்பவர் தமிழில் பேசினால், நம்மவர்தானே என்று உடனே சம்மதித்தும் விடுகிறோம்.

கடந்த ஆண்டு நானும் சம்மதித்தேன். 149 டொலர் என்று பேசி வந்த இளைஞர்கள் இருவர், நிலக்கீழ் அறையில் பேர்னஸ் வடிகட்டியை உருவி, அதில் சாம்பல் நிறத்தில் படிந்திருந்த தூசியை என் மனைவியிடம் காட்டி, "அக்கா, உங்கட பிள்ளையள் இதைத்தான் சுவாசிக்கினம்" என்றார்கள். தூசியை மறித்து வைத்திருப்பதுதான் வடிகட்டியின் வேலை என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. பிரதான குழாய்க்குத் தனிக் கட்டணம், கிருமிநாசினிக்குத் தனிக் கட்டணம் என்று கூட்டி 520 டொலருக்குப் பற்றுச்சீட்டு எழுதினார்கள். கொண்டுவந்த கருவியோ கம்பளம் கூட்டும் வக்குவத்தைவிடச் சற்றே பெரியது.

பிறகுதான் தேடிப் படித்தேன். துப்புரவு செய்வதால் நாம் சுவாசிக்கும் காற்றின் தரம் வழக்கமாக மாறுவதில்லை, வெப்பச் செலவும் குறிப்பிடும்படி குறைவதில்லை என்று கனடா அடமான வீடமைப்புக் கூட்டுத்தாபனம் தன் ஆய்விலிருந்து சொல்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும், இது நோயைத் தடுப்பதாக ஒருபோதும் நிறுவப்படவில்லை என்றும், குழாயினுள் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால், எலியோ பூச்சியோ குடியேறியிருந்தால், அல்லது அடைத்த தூசி அறைக்குள் பறந்து வந்தால் துப்புரவு செய்யலாம் என்றும் கூறுகிறது.

ஆகவே எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. மார்க்கம் நகரில் என் தங்கை புது வீட்டுக்குக் குடிபோனபோது, தரையிலிருந்த காற்றுவாயின் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தோம்: சுவர்ப்பலகைத் தூள், மரத்துண்டுகள், வளைந்த ஆணிகள், போதாததற்கு நசுங்கிய கோப்பிக் குவளை ஒன்று. அங்கே கொடுத்த காசு வீண்போகவில்லை. எங்கள் பழைய வீட்டில் அதே டோர்ச்சுக்குத் தெரிந்தது மெல்லிய தூசிப் படலம் மட்டுமே. இப்போது வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாம் அழைக்காமலே வீட்டு வாசலுக்கு வந்து இந்தச் சேவையை விற்பதை ஒன்ராறியோ அரசு 2018 மார்ச் 1 முதல் தடை செய்துள்ளது. தொலைபேசிக்கென 'அழைக்காதீர்' பட்டியலும் உண்டு. என் எண் அதில் இருந்தும் அழைப்பு வருகிறது என்பது வேறு கதை.

உங்கள் பத்திரிகையிலும் இத்தகைய விளம்பரங்கள் வருவதால் ஒரு வேண்டுகோள்: பிரதான குழாய்க்கான கட்டணத்தையும் சேர்த்து முழுத் தொகையை அச்சிடும்படி விளம்பரதாரர்களிடம் நீங்கள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ