பதவி உயர்வுக்கு எது அளவுகோல்? வேளாண் விரிவாக்கப் பணியாளர் சங்க மாவட்டக் கிளையின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பணி ஓய்வுக்குப் பிறகும் ஒவ்வொரு பொதுக்குழுவுக்கும் தவறாமல் வரும் மூத்தவர்களே, உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தயாராக இருக்கிறது, பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழு முறையாகக் கூடியது. ஓய்வு பெற்றவர்களுக்குப் பாராட்டு விழா நடத்தினோம், உறுப்பினர் பிள்ளைகளுக்கு வழக்கம்போல ஊக்கத்தொகை கொடுத்தோம். இவற்றை இத்துடன் நிறுத்திக்கொண்டு, அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அது பதவி உயர்வு. சென்ற பொதுக்குழுவில் நீங்கள் போட்ட தீர்மானமும் அதுதான்: விரிவாக்கப் பணியில் இருப்பவர்களின் பதவி உயர்வுக்கு என்ன அளவுகோல் இருக்க வேண்டும் என்று நாமே ஒரு வரைவு தயாரிக்க வேண்டும். அதற்காக அமைத்த தரநிலைக் குழு ஆண்டு முழுக்க உழைத்திருக்கிறது.

குழு முதலில் செய்தது, நம்மில் யாருக்கு எந்த விதி பொருந்துகிறது என்று எழுதிப் பார்த்தது. எல்லோரும் விவசாயிக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். விதியோ ஆளுக்கொன்றாக இருக்கிறது.

வேளாண்மைத் துறையில் உதவி வேளாண்மை அலுவலராகச் சேர்ந்தவர் ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு முடித்தால் சிறப்பு நிலை. சம்பளம் ஓரளவு ஏறும், பதவி அப்படியே இருக்கும். பதவியே உயர வேண்டுமென்றால் பணிமூப்பு வேண்டும், துறைத் தேர்வு தேறியிருக்க வேண்டும், 17(ஆ) விதியின் கீழ் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக மேலே ஓர் இடம் காலியாக வேண்டும். ஓய்வு வயது 2020-ல் 59 ஆகவும் 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தபோது அந்தக் காலியிடங்களும் தள்ளிப்போயின. கூடுதலாகப் பணியாற்றிய மூத்தவர்கள் மேல் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் கீழே காத்திருந்தவர்களின் வயதும் சேர்ந்தே ஏறியது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேளாண் அறிவியல் நிலையங்களில், நாம் கேவிகே என்று சொல்கிற இடங்களில், நிலைமை வேறு. 1974-ல் புதுச்சேரியில் முதல் கேவிகே தொடங்கியது. 50 ஆண்டு நிறைவை 2024-ல் நாடு முழுக்கக் கொண்டாடினார்கள். பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நிலையங்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான விதிகள்தான் பெரும்பாலும் அளவுகோல். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளின்படி முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டில் சம்பள நிலை 10-லிருந்து 11-க்குப் போகலாம். தொழிற்படிப்பில் முதுநிலை என்றால் 5 ஆண்டு, மற்றவர்களுக்கு 6. அதற்கு மேல் 5 ஆண்டு, பிறகு 3, பிறகு 3. மேலே போகப் போக ஆய்வுக் கட்டுரை கேட்பார்கள். வகுப்பறையில் பாடம் நடத்துபவருக்காக எழுதப்பட்ட இந்த விதி, வாரத்தில் பாதி நாள் வரப்பில் நிற்பவருக்கும் பொருந்துகிறது.

அறக்கட்டளைகள் நடத்தும் கேவிகேக்களில் உள்ள நம் உறுப்பினர்களின் நிலைதான் குழுவை அதிகம் வருத்தியது. ஒரு நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் 16. அதில் தொழில்நுட்ப வல்லுநர்கள் 6 பேர், சம்பள நிலை 10. தலைவர் ஒருவர், நிலை 13ஏ. இடையில் ஒரு பணியிடமும் கிடையாது. தலைவர் பதவியையும் வெளிப்படையாக விளம்பரம் செய்து நேரடியாகத்தான் நிரப்புகிறார்கள். மண்ணியலுக்கு வந்தவர் மண்ணியல் வல்லுநராகவே ஓய்வு பெறுகிறார். நேற்றுச் சேர்ந்தவரும் 20 ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே பதவிப் பெயரில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமையில், அதாவது அட்மாவில், இருக்கும் நண்பர்களுக்கு இதுவும் இல்லை. 1998-ல் 7 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2005-க்குப் பிறகு நாடு முழுக்கப் பரவிய திட்டம் அது. வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரும் உதவித் தொழில்நுட்ப மேலாளரும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். பதவி உயர்வைப் பற்றிப் பேசும்போது அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், முதல்ல எங்களுக்குப் பதவி இருக்கா?" இந்தக் கேள்வியை வரைவின் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

சரி, விதிகள் இப்படி. இந்த விதிகள் எதைப் பார்க்கின்றன என்பதுதான் அடுத்த கேள்வி. சம்பாவில் குழு ஒரு வயல் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தது. நெல்லுக்கு யூரியா தேவையா என்று இலையின் பச்சை நிறத்தை வைத்துச் சொல்லும் இலை வண்ண அட்டையைப் பயன்படுத்த நம் உறுப்பினர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். "வெயில் நேரா இலையில படக் கூடாதுங்க, உங்க நிழல்ல வச்சுப் பாருங்க" என்று சொல்லி, ஒரு பெரியவரைத் திருப்பி நிறுத்தி, அவர் கையிலேயே இலையைக் கொடுத்தார். அட்டையில் பார்க்க வேண்டிய நிற எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்து இடத்தில் பார்த்து, ஆறு இடத்திலாவது அதற்குக் கீழே இருந்தால்தான் யூரியா. அந்தப் பெரியவர் பத்து இடமும் தானே பார்த்தார். நான்கு இடம்தான் குறைவாக இருந்தது. "அப்ப இந்த வாரம் மூட்டையப் பிரிக்க வேண்டாங்கிறீங்க" என்றார். நம் உறுப்பினர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

அன்று மாலை அந்த உறுப்பினரின் பதிவில் ஏறியது என்ன? பயிற்சி ஒன்று, வருகைப் பட்டியல் ஒன்று, இருப்பிடக் குறியீட்டோடு புகைப்படம் ஒன்று. யூரியா மூட்டை பிரிக்கப்படாமல் இருந்ததற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அடுத்த போகத்தில் அந்த ஊரில் எத்தனை பேர் அட்டையை எடுக்கிறார்கள் என்று கேட்பாரும் இல்லை. ஓர் ஆசிரியரின் வேலையில் மிக முக்கியமான பகுதி பதவி உயர்வுக் கோப்புக்கு வெளியே நிற்கிறது. இந்த ஆண்டு முழுக்க நான் மனதார வாதாடியது இதற்காகத்தான்.

தென்னைப் பகுதி உறுப்பினர்கள் இதைவிடக் கடினமான உதாரணம் சொன்னார்கள். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தெரியவந்த சுருள் வெள்ளை ஈ நம் தோப்புகளுக்கும் வந்தபோது, அவர்கள் கொடுத்த முக்கியமான அறிவுரை ரசாயன மருந்து அடிக்க வேண்டாம் என்பது. அடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை கட்டுங்கள், ஓலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுங்கள், பொறுத்திருங்கள் என்று தோப்பு தோப்பாகச் சொன்னார்கள். ஓலை கறுத்துப்போய் நிற்கிறபோது பொறுத்திருங்கள் என்று ஒரு விவசாயியிடம் சொல்லி, அவரை நம்ப வைப்பதற்கு எவ்வளவு திறமை வேண்டும்! ஆனால் இலக்குப் படிவம் கேட்பது இத்தனை லிட்டர் விநியோகம், இத்தனை கிலோ விநியோகம் என்ற கணக்கை. அடிக்காத மருந்துக்கு மதிப்பெண் இல்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் விழுந்த தென்னையைக் கணக்கெடுக்க எல்லோரும் போனோம். வழக்கமான பயிற்சிகள் நின்றுபோயின. அந்த ஆண்டு மதிப்பீட்டில் ஓர் அலுவலகம் நம் உறுப்பினர்களுக்கு எழுதியது: பயிற்சி இலக்கு எட்டப்படவில்லை. பேரிடர்ப் பணி நாள்களை இலக்கிலிருந்து கழிக்க வேண்டும் என்ற விதி இருந்திருந்தால் அந்த வரி வந்திருக்காது. வரைவில் இதைக் கட்டாயமாகச் சேர்த்திருக்கிறோம்.

இனி வரைவைப் பற்றி. பிரதி உங்கள் கையில் இருப்பதால் முழுதும் வாசிக்கவில்லை, அதன் மையத்தை மட்டும் சொல்கிறேன். பணிமூப்பும் துறைத் தேர்வும் அப்படியே இருக்கட்டும். அவற்றோடு ஒவ்வொருவரும் ஒரு களப் பதிவேடு வைக்க வேண்டும். கற்றுக்கொடுத்த ஒரு நுட்பத்தை எடுத்து, அடுத்தடுத்த இரண்டு போகங்களில் அது என்ன ஆனது என்று அதே வயல்களுக்குத் திரும்பிப் போய் எழுத வேண்டும். வெற்றியோ தோல்வியோ, காரணத்தோடு எழுதினால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. விவசாயி ஒரு நுட்பத்தை ஏன் கைவிட்டார் என்று சரியாகக் கண்டுபிடிப்பதும் விரிவாக்கக் கல்விதான். திருந்திய நெல் சாகுபடியில் நடவுக்குக் கோடு போடும் மார்க்கரும் களையெடுக்கும் கோனோவீடரும் சில ஊரில் நிலைத்தன, சில ஊரில் கொட்டகையில் கிடக்கின்றன. ஆள் கிடைக்காததா, கருவியின் கனமா, தண்ணீர் முறையா? அந்தந்த ஊரில் வேலை பார்த்தவருக்குத்தான் விடை தெரியும். அதை எழுதி வாங்கவே நம்மிடம் ஒரு வழி இல்லாமல் இருந்தது.

இரண்டாவதாக, தமிழில் எழுதும் துண்டறிக்கை, வானொலி உரை, வாட்ஸ்அப் குரல்பதிவு ஆகியவற்றையும் படைப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டும். விவசாயிக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். சக பணியாளர் மூவர் படித்து, தகவல் சரியா, மொழி எளிதா என்று மதிப்பிட்டால் போதும். மூன்றாவதாக, புதிய பூச்சியையோ நோயையோ முதலில் கண்டு மேலே தெரிவித்தவருக்கு அந்த அங்கீகாரம் பெயரோடு போய்ச்சேர வேண்டும். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த சமயம், குருத்தைப் பிரித்துப் பார்த்து இது வேறு புழு என்று சொன்னவர்களில் களப்பணியாளர்களும் இருந்தார்கள்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்றும் குழு பார்த்தது. அமெரிக்காவில் 1914-ல் ஸ்மித்–லீவர் சட்டம் வந்ததிலிருந்து பல்கலைக்கழகங்களின் வழியாக விரிவாக்கம் நடக்கிறது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் மாவட்ட அளவில் இருக்கும் விரிவாக்கக் கல்வியாளருக்கும் தனியான பதவிப் படிகள் உண்டு. தன் பணியால் என்ன மாறியது என்று ஆவணமாகத் தொகுத்துக் கொடுத்தால், சக பணியாளர் குழு படித்துப் பரிந்துரைக்கிறது. நம் ஊருக்கு அப்படியே எடுத்துவர முடியாது. நம் ஒருவர் பார்க்கும் கிராமங்களின் எண்ணிக்கையும் வேறு, வேலைச்சுமையும் வேறு. சக பணியாளர் படிப்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வரைவு எதிர்ப்பில்லாமல் நிறைவேறவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் அரைமணி நேரம் எதிர்த்துப் பேசினார். அவர் சொன்னது கூர்மையானது: "பணிமூப்பு ஒண்ணுதான் சிபாரிசு இல்லாதவனுக்குப் பாதுகாப்பு. மதிப்பெண்ணுன்னு வந்தா, மதிப்பெண் போடுறவர் வீட்டு வாசல்ல வரிசை நிக்கும்." இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் வரைவைத் திருத்தினோம். களப் பதிவேட்டால் யாரும் பணிமூப்புப் பட்டியலில் கீழே இறங்கக் கூடாது. தேர்வு நிலைக்கும் சிறப்பு நிலைக்கும் அதைத் தடையாக வைக்கக் கூடாது. கூடுதல் ஊதிய உயர்வு, பயிற்றுநர் பொறுப்பு, கேவிகேக்களில் நாம் கேட்கும் இடைநிலைப் பதவி ஆகியவற்றுக்கு மட்டும் அது அடிப்படை. மதிப்பிடும் மூவரில் ஒருவர் வேறு வட்டாரத்தவர், இன்னொருவர் ஓய்வு பெற்றவர். அந்த மூத்தவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய மாற்றுக் கருத்தையும் வரைவோடு இணைத்தே அனுப்பியிருக்கிறோம், அதுதான் முறை.

பதவி உயர்வு தாமதமாவதற்கு விதியைவிடப் பணிப்பதிவேடு பல நேரம் காரணமாகிறது. அதற்காக நடத்திய சரிபார்ப்பு முகாமில் நாம் பார்த்தது மனதைப் பாதித்தது. துறைத் தேர்வு தேறியவருக்கு அந்தப் பதிவே இல்லை. தகுதிகாண் பருவம் முடித்த ஆணை கோப்பில் இருக்கிறது, பதிவேட்டில் ஏறவில்லை. மகப்பேறு விடுப்பில் இருந்த ஒரு சகோதரிக்கு விடுப்பு முறைப்படுத்தாததால் தேர்வு நிலை ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கிறது. ஓர் உறுப்பினருக்குப் பதவி உயர்வு ஆணை அவர் ஓய்வு பெற்ற மாதத்தில்தான் கைக்கு வந்தது. புதிய மேசையில் ஒரு நாள்கூட அவர் உட்காரவில்லை. தயவுசெய்து ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிவேட்டை நேரில் பார்த்துக் கையெழுத்திடுங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

டிஎன்பிஎஸ்சி மே, டிசம்பர் துறைத் தேர்வுகளுக்கான ஞாயிறு வகுப்புகள் தொடர்கின்றன. கணக்குத் தேர்வுக்குத்தான் கூட்டம் அதிகம். கருவூலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் ஒரு பைசா வாங்காமல் பாடம் எடுக்கிறார், அவருக்குச் சங்கத்தின் நன்றி.

வரைவை மாநிலச் சங்கத்துக்கும் மேலதிகாரிகளுக்கும் கொடுத்தாயிற்று. பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது செயற்குழுவின் முடிவு. களப் பதிவேட்டை விருப்பமுள்ளவர்கள் இந்தக் குறுவையிலிருந்தே தொடங்கலாம். அச்சடித்த குறிப்பேடு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. அட்மா உறுப்பினர்கள் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், நாளை நிரந்தரப் பணி கேட்டு நிற்கும்போது காட்டுவதற்குக் கையில் ஏதாவது வேண்டும். ஒரு நுட்பம், ஐந்தாறு வயல், இரண்டு போகம். அதற்கு மேல் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். தாளடி அறுவடை முடிந்ததும் உங்கள் வட்டாரப் பிரதிநிதியிடம் கொடுத்தால், முதல் மதிப்பீட்டுக் கூட்டத்தை உடனே கூட்டுவோம். மதிப்பீட்டாளராக இருக்க ஒப்புக்கொள்ளும் ஓய்வு பெற்றவர்கள் இன்றே பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்