முதல் பருவத்தில் தமிழில் பதில் சொல்ல விடுங்கள்

காவிரிப் படுகை மாவட்டங்களின் தொடக்கக் கல்வி அலுவலர்களுக்கு வணக்கம்.

2012-13 கல்வியாண்டுக்குப் பின் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. 2019 தொடக்கத்தில் நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் வந்தன. பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. தனியார் பள்ளி வேனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுக்கும் அந்த ஆசை உண்டு. என் கோரிக்கை, ஆங்கில வழி ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தையின் முதல் பருவத்தைப் பற்றியது மட்டுமே.

ஜூனில் பள்ளி திறக்கும்போது இங்கே குறுவை வேலையும் தொடங்கிவிடுகிறது. வரப்பில் உட்கார்ந்து அம்மாவின் நாற்றுமுடிகளை இருபது வரை பிசகாமல் எண்ணும் சிறுமி, வகுப்பில் பென்சில்களைக் காட்டி ‘ஹவ் மெனி?’ என்று கேட்டால் ஆசிரியரின் வாயையே பார்த்து நிற்கிறாள். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ மதிப்பீட்டில், அவளுக்கு எண்ணத் தெரியாது என்று பதிவாகிறது. அவளுக்குத் தெரியாதது எண்ணா, கேட்ட மொழியா என்பது அந்தப் பதிவிலிருந்து யாருக்கும் தெரியாது.

வேற்றுமொழியில் மூழ்கவைத்துக் கற்பிக்கும் முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது கனடாவின் செயின்ட் லாம்பர்ட். அங்கே 1965இல் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் பிரெஞ்சில் மழலையர் வகுப்பு தொடங்கியபோது, ஆசிரியர் பிரெஞ்சில் பேசினாலும் குழந்தைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லலாம் என்றே விட்டிருந்தார்கள். நாமோ முறையை எடுத்துக்கொண்டு அந்தச் சலுகையைக் கைவிட்டுவிட்டோம். அந்தக் குழந்தைகளுக்கு வீட்டில் படித்துக்காட்டவும் ஆள் இருந்தது. நடவுக்குப் போய் அந்தியில் திரும்பும் தாயிடம் ஆங்கில வீட்டுப்பாடத்தை நீட்டுவது என்ன நியாயமோ!

எனவே, முதல் பருவம் முழுவதும் வாய்மொழி மதிப்பீட்டில் தமிழில் சொல்லும் பதிலையும் சரியென ஏற்க வேண்டும் என்றும், ஆங்கில எழுத்துக்கு முன்பாகத் தமிழ் வாசிப்பை ஊன்ற வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கவும், குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவவும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது.

2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில்தான் காலை உணவுத் திட்டத்தின் விரிவாக்கம் தொடங்கியது. அடுத்த முறை பள்ளிப் பார்வைக்கு வரும்போது அந்த உணவு நேரத்துக்கே வந்துவிடுங்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை தட்டின் முன் என்னென்ன பேசுகிறது என்று கேட்டுவிட்டு, பிறகு மதிப்பீட்டுப் பதிவைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.